நாலாவது மாடிக்கு ஒரு குடம் தண்ணி

லிஃப்ட் பட்டனை அமுக்காதீங்க தம்பி. அமுக்கினா லைட்டுதான் எரியும், லிஃப்ட் வராது. வாங்க, படியில போயிடலாம். நாலே மாடி. அறுபத்தெட்டு வயசுல நான் ஏறலயா, உங்களுக்கென்ன? பேசிக்கிட்டே ஏறினா தெரியாது. நான் முப்பத்தோரு வருஷம் நின்னு பேசியே சம்பளம் வாங்கினவன். அரசியல் அறிவியல் பேராசிரியர் ஞானசிகாமணின்னா இந்த மேடவாக்கத்துல பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் புதுசா குடிவந்தவங்க.

நீங்க பாக்க வந்த வீடு என்னோடதுதான். நாலு-சி. ரெண்டு பெட்ரூம், கிழக்கே பால்கனி, காத்து அள்ளிக்கிட்டுப் போகும். நான் இப்ப இருக்கறது தரைத்தளம். இந்த பவழமல்லி அப்பார்ட்மென்ட்ஸ் அசோசியேஷனுக்கு நான்தான் செக்ரட்டரி. ஆறு வருஷமா. ஃபோன்ல ரெண்டு பேர்னு சொன்னீங்க இல்ல? ரெண்டு பேருக்குத் தாராளம்.

லிஃப்ட் எப்ப ரிப்பேர் ஆகும்னு கேக்கறீங்களா? அது ரிப்பேர் இல்ல தம்பி. அது அரசியல். சொல்றேன், கைப்பிடியப் பிடிச்சுக்குங்க.

எனக்கு முன்னாடி தணிகாசலம்னு ஒருத்தர் செக்ரட்டரி. காண்ட்ராக்ட் எடுத்துக் கட்டடம் கட்டினவரு. ரிடயர் ஆகி, தரைத்தளத்துல வீடு. நல்ல மனுஷன்னு சொல்லுவாங்க. நான் சொல்ல மாட்டேன். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா எலெக்‌ஷன் வைக்கணும்னு பைலாவுல இருக்கு. அவரு ஏழு வருஷம் வைக்கவே இல்ல. போய்க் கேட்டேன். "எதுக்கு சார் எலெக்‌ஷன்? லிஃப்ட் ஓடுதா? ஓடுது. தண்ணி வருதா? வருது. அப்புறம் என்ன?"ன்னாரு. தொட்டியில தண்ணி இருந்தா மாடுகூடத்தான் சும்மா நிக்கும், அதுக்குப் பேரு ஜனநாயகமான்னு கேட்டேன். சிரிச்சாரு. "காப்பி சாப்பிடுங்க சார்"னாரு. எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துது. முப்பத்தோரு வருஷம் ஜனநாயகம் சொல்லிக்குடுத்தவனுக்கு ஒரு காப்பிய நீட்டி வாயடைக்கப் பாக்கறாரு.

மூணாம் வருஷ பி.ஏ.க்கு ஒரு பாடம் எடுப்பேன். பொருளாதாரத் தடை. ஒரு நாடு அடாவடி பண்ணுதுன்னு வைங்க. மத்த நாடுங்க ஒண்ணு சேந்து அதுகிட்ட வாங்கறத, அதுக்கு விக்கறத நிறுத்திடும். குண்டு கிடையாது, ரத்தம் கிடையாது. அடங்கி வந்துதான் ஆகணும்னு கணக்கு. ஆனா தம்பி, தடைங்கள்ல பாதிக்கு மேல தோத்துப் போகுதுன்னு ஆராய்ச்சி பண்ணினவங்களே எழுதியிருக்காங்க. அதுவும் சொல்லுவேன். ஓட்டு வாங்கி ஆட்சிக்கு வந்தவன் மேல தடை போட்டா பலிக்க வாய்ப்பு உண்டு. ஏன்னா ஜனத்துக்கு வலிச்சா அடுத்த தேர்தல்ல அவனுக்கு வலிக்கும். ஓட்டே கேக்காதவனுக்கு ஜனம் கஞ்சிக்கு அலைஞ்சா என்ன, அலையாட்டி என்ன? இதை போர்டுல படம் போட்டு விளக்குவேன். பசங்க கை தட்டுவாங்க.

ஆரோக்கியசெல்வின்னு ஒரு பொண்ணு, கடைசி பெஞ்ச். ஒரு தடவை எழுந்து கேட்டா: "அப்ப எலெக்‌ஷன் வைக்காதவன் மேல தடை போட்டா யாருக்கு சார் வலிக்கும்?" மணி அடிச்சிடுச்சு. அடுத்த வகுப்புல பாக்கலாம், உக்காரும்மான்னேன். அடுத்த வகுப்புல ஐ.நா. சபை ஆரம்பிச்சிட்டேன். சிலபஸ் முடிக்கணுமே.

இது முதல் மாடி. மூச்சு வாங்குதா? அங்க பாருங்க, திருப்பத்துல ஒரு ஸ்டூல். பிளாஸ்டிக்தான். உக்காருங்க, பரவாயில்ல. ஒவ்வொரு மாடித் திருப்பத்துலயும் ஒண்ணு இருக்கும். என் சம்சாரம் வாங்கிப் போட்டது. மங்கையர்க்கரசி. மங்கைம்பேன். எதுக்குடி இதுன்னு கேட்டதுக்கு, "வயசானவங்க யாராச்சும் ஏறினா உக்காரட்டுங்க"ன்னா. ஊருக்கு உழைக்கறதுல அவளுக்கு ஒரு சந்தோஷம்.

சரி, கதைக்கு வரேன். ஒரு ஞாயித்துக்கிழமை மொட்டை மாடியில கூட்டம் போட்டேன். எலெக்‌ஷன் வைக்கிற வரைக்கும் யாரும் மெயின்டனன்ஸ் கட்டறதில்ல. இதான் தீர்மானம். தடைன்னா என்னன்னு அரை மணி நேரம் பேசினேன். இருபத்துநாலு வீட்டுல பத்தொம்பது வீடு கையெழுத்து. முதல் கையெழுத்து நாலு-சி. பத்திரம் மங்கை பேர்ல இருக்கறதால அவதான் போடணும். அவங்க அப்பா குடுத்த பணத்துல வாங்கின வீடு. பேனாவக் கையில வச்சுக்கிட்டு, "லிஃப்ட் நின்னுடாதுங்களா?"ன்னு கேட்டா. நின்னா தணிகாசலம்தான் வெக்கப்படணும், நீ போடுன்னேன். போட்டா. புருஷன் பொண்டாட்டின்னா அந்த ஒத்துமை வேணும் தம்பி. இந்தக் காலத்துல எங்க இருக்கு?

மூணாவது மாசம் லிஃப்ட் நின்னுச்சு. நாலாவது மாசம் பொதுமோட்டார் புகைஞ்சு போச்சு. ரிப்பேருக்குக் காசு இல்லேன்னு நோட்டீஸ் ஒட்டினாரு. லாரித் தண்ணியும் நின்னுச்சு. வாட்ச்மேன் ஏழுமலைன்னு ஒருத்தன், அவனுக்குச் சம்பளம் நின்னு போயி, ஒரு நாள் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு திண்டிவனம் பக்கம் ஊருக்கே போயிட்டான். போறப்ப எங்கிட்ட வந்து, "நான் என்ன சார் பண்ணேன்?"ன்னான். உன் மேல ஒண்ணும் இல்லப்பா, இது கொள்கைன்னேன். புரிஞ்சிருக்கும்.

இதுல ஒரு விஷயம் நான் எதிர்பாக்கல. ஒத்துக்கறேன். தணிகாசலத்துக்கு லிஃப்டே வேண்டாம், தரைத்தளம். தண்ணிக்கும் கவலையில்ல. அவரு வீட்டுப் பின்கட்டுல சொந்தமா ஒரு கைப்பம்பு போட்டு வச்சிருந்தாரு, தண்ணி கல்கண்டு மாதிரி இருக்கும். சாயங்காலம் போர்ட்டிகோவுல நாற்காலி போட்டுக்கிட்டு முறுக்கு தின்னுக்கிட்டு உக்காந்திருப்பாரு. இதுல, தண்ணியில்லாம ஜனங்க தவிக்கிறாங்கன்னு பம்பைத் திறந்து விட்டாரு பாருங்க! வீட்டுக்கு தினம் ரெண்டு குடம். சண்டை வரக்கூடாதுன்னு குடத்துல வெள்ளை பெயின்ட்டால வீட்டு நம்பர். எனக்குக் கையெழுத்து போட்ட பத்தொம்பது வீட்டுல பதினெட்டு வீடு குடத்தத் தூக்கிக்கிட்டு வரிசையில நிக்குது. "தணிகாசலம் ஐயா இல்லேன்னா நம்ம கதி என்ன"ன்னு பேச்சு வேற. நானே படம் போட்டு விளக்கின விஷயம்தான். ஆளறவன் கையில தண்ணி இருந்தா ஜனம் அவன் காலடிக்குத்தான் போகும்.

ஆனா பத்தொம்பதாவது வீடு போகல. நாலு-சி. மங்கைகிட்ட கண்டிப்பா சொல்லிட்டேன். அந்தாளு பம்புத் தண்ணி ஒரு சொட்டு நம்ம வீட்டுக்குள்ள வரக்கூடாது. ஊரே வளைஞ்சாலும் நான் வளைய மாட்டேன். அவளும் சரின்னா. "தண்ணிக்கு என்ன பண்ணுவே?"ன்னு கேட்டேன். அக்கறை இல்லாமயா இருப்பேன்? "அடுத்த தெரு பொதுக்குழாயிலருந்து ஒரு பொண்ணு கொண்டாந்து தரும்"னா. தந்துது. எங்க வீட்டுல ஒரு நாளும் தண்ணி குறைஞ்சதில்ல தம்பி. குளிக்க, சமைக்க எல்லாம் கச்சிதமா நடந்துது. அந்தப் பொண்ண மட்டும் நான் பாத்ததே இல்ல. மத்தியானம் சாப்பிட்டுட்டு ஒரு மணி நேரம் படுப்பேன். அந்த நேரத்துல வந்துட்டுப் போயிடும்போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

ரெண்டாவது மாடி. இந்த ரெண்டு-பி கதவப் பாத்தீங்களா? யாழினின்னு ஒரு பொண்ணு இருக்கா, ஐ.டி. கம்பெனி. அவளப்பத்தி அப்புறம் சொல்றேன். வாங்க. இல்ல, நான் உக்காரல. நீங்க உக்காருங்க.

மங்கைக்கு அறுபது வயசு அப்ப. படபடப்பு உண்டு, மாத்திரை போடுவா. அந்த வருஷம் கொஞ்சம் இளைச்சிருந்தா. லிஃப்ட் இல்லாததுல ஒரு நல்லது, உனக்கு எக்ஸர்சைஸ் ஆச்சு பாருன்னு சொன்னேன். சிரிச்சா. ராத்திரி காலப் பிடிச்சு விட்டுக்கிட்டு உக்காந்திருப்பா. கடைக்குப் போயிட்டு வந்த வலியா இருக்கும்னு நானும் கேக்கல. நான் அப்ப பதிவாளர் ஆபீசுக்கு மனு எழுதறதுல மும்முரமா இருந்தேன். ஒம்பது பக்கம். அவதான் உக்காந்து ஊசிநூல்ல தைச்சுக் குடுத்தா.

பங்குனி மாசம். தடை போட்டு பதினோரு மாசம். மத்தியானம் ரெண்டேகால் மணி இருக்கும், படுத்திருக்கேன். யாரோ கத்தற சத்தம். மூணு-ஏ வீட்டம்மா. கதவத் திறந்தா மங்கை வீட்டுல இல்ல.

வாங்க தம்பி. இதான் மூணாவது மாடி. இந்தத் திருப்பம்தான்.

அந்த ஸ்டூல்ல குடம் இருந்துது. வாயில ஒரு தட்டு போட்டு மூடியிருந்துது. பச்சை பிளாஸ்டிக் குடம். பக்கத்துப் படியில அவ உக்காந்திருந்தா. சுவத்துல தலையச் சாச்சுக்கிட்டு, முந்தானைய இடுப்புல சொருகிக்கிட்டு. தூங்கறாப்லதான் இருந்துது. நான் மங்கை மங்கைன்னு கூப்பிடறேன். குடத்துல ஒரு சொட்டு சிந்தல தம்பி. முடியலேன்னு தெரிஞ்சதும் குடத்தப் பத்திரமா மேல வச்சு மூடிட்டுத்தான் உக்காந்திருக்கா. தண்ணி சிந்தக்கூடாதுன்னு.

குடத்துல வெள்ளை பெயின்ட். 4சி. பெயின்ட் பாதி தேஞ்சு போயிருந்துது. அவ்வளவு நாளா எடுத்திருக்கா.

நான் நின்னுக்கிட்டே அந்த நம்பரையே பாத்துக்கிட்டிருந்தேன். அவ முகத்தப் பாக்கணும்னு அப்புறம்தான் தோணிச்சு. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்ட ஏன் சொல்றேன்னு தெரியல.

லிஃப்ட் இல்ல. பிளாஸ்டிக் நாற்காலியில உக்கார வச்சு நாலு பேரு தூக்கிக்கிட்டு இறங்கினாங்க. ஒவ்வொரு திருப்பத்துலயும் அவ வாங்கிப் போட்ட ஸ்டூல் குறுக்கால நிக்குது, ஒதுக்கி ஒதுக்கிப் போனோம். டாக்டர் கீழ வந்து பாத்துட்டு, அரை மணி ஆச்சுன்னாரு. போர்ட்டிகோவுலயே படுக்க வச்சோம். வேற எங்க வைக்கறது?

குளிப்பாட்டணும். தண்ணி வேணும். தணிகாசலம் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு தானே பம்ப் அடிக்கறாரு. குடம் குடமா நிரப்பி வரிசையா வைக்கறாரு. கண்ணுல தண்ணி கொட்டுது. நான் எழுந்து போய், வேண்டாம்னேன். உங்க தண்ணி வேண்டாம்னேன். எல்லாரும் என்னையே பாத்தாங்க. மங்கையோட தங்கச்சி, "மாமா, இப்பவாவது விடுங்க மாமா"ன்னு கையெடுத்துக் கும்பிட்டா. துக்கத்துலயும் நான் கொள்கைய விடல தம்பி. தடைன்னா தடைதான். அப்புறம் யாரோ ஓடிப்போய் மூணாவது மாடியிலருந்து அந்தப் பச்சைக் குடத்த எடுத்துக்கிட்டு வந்தாங்க. அவ கொண்டுவந்த தண்ணிதானே, அது நம்ம தண்ணின்னேன். அந்த ஒரு குடத்துலதான் அவளக் குளிப்பாட்டினாங்க. தலைக்குப் பத்தல. கைய நனைச்சு நனைச்சு தொடச்சு விட்டாங்க.

அதுவும் அவரு தண்ணிதானே. எனக்கு அப்ப தோணவே இல்ல. சுடுகாட்டுலருந்து வீடு திரும்பி ரெண்டு நாள் கழிச்சு, முகம் கழுவறப்பதான் தோணிச்சு. எட்டு மாசமா நான் கழுவினது எல்லாம் அதுதான்னு.

பதினாறாம் நாள் காரியத்துக்கு தணிகாசலம் வந்தாரு. அசோசியேஷன் ரப்பர் ஸ்டாம்ப், ரிஜிஸ்டர், சாவிக்கொத்து எல்லாத்தையும் ஒரு மஞ்சப் பையில போட்டு என் முன்னால வச்சாரு. "நான் விலகிக்கறேன் சார். எலெக்‌ஷன் வச்சுக்குங்க"ன்னாரு. "தினம் சொல்லுவேன் சார், நீங்க ஏறாதீங்கக்கா, ஆள் அனுப்பறேன்னு. வாத்தியாருக்குத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போயிடுவாரு, நானே எடுத்துக்கறேன்னு ஒத்தக் கால்ல நிப்பாங்க"ன்னாரு. என்னாலதான், என்னாலதான்னு மார்ல அடிச்சுக்கிட்டாரு.

பாத்தீங்களா? பலிச்சிடுச்சு. ஓட்டே கேக்காதவன் மேல போட்ட தடை, பதினோரு மாசத்துல பலிச்சிடுச்சு. எத்தனையோ நாட்டுல இருபது வருஷம், முப்பது வருஷம் தடை போட்டு ஒண்ணும் அசையல. ஆரோக்கியசெல்வி எங்க இருக்கான்னு தெரியல, தெரிஞ்சா ஒரு கார்டு போட்டுச் சொல்லணும்.

அவரு மூணே மாசத்துல வீட்ட வித்துட்டு ஓசூருக்கு, மக வீட்டுக்குப் போயிட்டாரு. அந்த வீட்டத்தான் நான் வாங்கினேன். முழங்கால் வலி, மேல ஏற முடியல. ஓட்டுப்பெட்டி எல்லாம் வாங்கி வச்சிருந்தேன் தம்பி, தகரத்துல, பூட்டோட. தேவைப்படல. துக்கத்துல இருக்கறவன எதிர்த்து யார் நிப்பாங்க? ஏகமனதா என்னைத் தேர்ந்தெடுத்தாங்க. மோட்டார் போட்டேன், லிஃப்ட் போட்டேன். எல்லாம் நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துது.

இப்ப அந்த யாழினி. ரெண்டு-பி. பைலாவப் படிச்சுட்டு வந்து, "அங்கிள், அஞ்சு வருஷமா எலெக்‌ஷன் நடக்கலையே"ங்கறா. ஒரு பேப்பர்ல பதினேழு கையெழுத்து வாங்கிட்டா. எலெக்‌ஷன் வைக்கிற வரைக்கும் யாரும் மெயின்டனன்ஸ் கட்டறதில்லையாம். ஒரு வருஷம் மூணு மாசம் ஆச்சு. அதான் லிஃப்ட் நிக்குது. லாரித் தண்ணியும் இல்ல. ஆனா நீங்க கவலைப்படாதீங்க. பின்கட்டுல கைப்பம்பு இருக்கு. காலையில ஆறு மணிக்கு நானே திறந்து விடறேன். வீட்டுக்கு ரெண்டு குடம். சண்டை வரக்கூடாதுன்னு நம்பர் போட்டிருக்கேன்.

அப்படிப் பாக்காதீங்க. அதுவும் இதுவும் ஒண்ணில்ல. நாங்க போட்டது தடை. இவங்க பண்றது திமிரு. எனக்கு என்ன நஷ்டம்? நான் தரைத்தளம். பத்து வருஷம் கட்டாம இருக்கட்டும், எனக்கு வலிக்காது.

வந்துட்டோம். நாலு-சி. இருங்க, சாவி. இந்தாங்க, நீங்களே திறங்க.

வச்சிடலாம் இல்லையான்னு கேக்கறீங்க. எலெக்‌ஷன். வைக்கலாம். ஒரு நோட்டீஸ் ஒட்டினா முடிஞ்சு போச்சு. வச்சா நான் தோத்துடுவேன், அது எனக்குத் தெரியாதா? பதினேழு கையெழுத்து. தோத்தா அந்த மஞ்சப் பைய யாழினிகிட்ட குடுத்துட்டு வரணும். அப்புறம் எங்கிட்ட என்ன இருக்கு? மங்கை எதுக்காக ஏறினா? எட்டு மாசம், தினம் ரெண்டு குடம், நாலு மாடி. அதுல கிடைச்சது இந்த ஒரு பைதான் தம்பி. இதையும் குடுத்துட்டா அவ சும்மா செத்தான்னு ஆயிடும். நான் எப்படிக் குடுப்பேன், சொல்லுங்க.

விடுங்க. உள்ள வாங்க, வீட்டப் பாருங்க. பெயின்ட் அடிச்சுத் தந்துடறேன். உங்களோட வர்ற இன்னொருத்தர் யாரு, மனைவியா? அவங்க வேலைக்குப் போறாங்களா?

அம்மாவா?

அம்மாவா வராங்க? வயசு என்ன? அறுபத்தி ஒண்ணா. நடப்பாங்களா? ஏறுனா மூச்சு வாங்குமா? பகல்ல நீங்க ஆபீஸ் போயிட்டா வீட்டுல அவங்க மட்டும்தானா? கறிகாய், பாலு, தண்ணி எல்லாம் அவங்கதான் பாத்துக்குவாங்களா? நீங்க கேட்டா வலிக்குதுன்னு சொல்லுவாங்களா, சொல்ல மாட்டாங்களா?

சொல்ல மாட்டாங்க. தெரியும்.

தம்பி, அந்தச் சாவிய இப்படிக் குடுங்க. இல்ல, குடுங்க. வீடு வாடகைக்கு இல்ல. பேப்பர்ல போட்டது தப்பா போட்டுட்டாங்க. காரணம் ஒண்ணும் இல்ல, வாடகைக்கு இல்ல, அவ்வளவுதான். மேல ஏற வச்சதுக்கு மன்னிச்சுக்குங்க. வேற தெருவுல தரைத்தளமா பாருங்க. அம்மாகிட்ட, வீடு பிடிக்கலேன்னு நீங்களே சொல்லிடுங்க. எதுக்கும் நானே ஒரு எட்டு வந்து ஏறிப் பாக்கறேன்னு கிளம்பிடப் போறாங்க.

போயிட்டு வாங்க. மூணாவது மாடித் திருப்பத்துல வெளிச்சம் பத்தாது, பாத்து. ஸ்டூல் கால்ல தட்டும். தட்டினா ஓரமா தள்ளி வச்சிட்டுப் போங்க, எடுத்துடாதீங்க. ஆறு மணிக்குக் குடத்தோட ஏறி வர்றவங்க உக்காருவாங்க.